கைப்பிடி

ஜபருல்லா கடைக்கு மேல்மாடி என் வாடகை.
காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெரு.
கீழே ஸ்வீடன் எனாமல், பர்மா அரக்கு, சாவி தொலைந்த பூட்டுகள்.
மேலே நான், ஒரு மின்விசிறி,
பதினொரு வருடமாக எழுதி முடியாத ஒரு கம்பைலர்.

புதன்கிழமை ஒரு பிழை வந்தது.
யாரோ பதினான்கே வரிகளில் எழுதி அனுப்பியிருந்தார்.
பதினான்கையும் என் கம்பைலர் படித்து
சரி என்றது.
ஓடவிட்டால் பத்தாவது வரியில் குப்புற விழுகிறது.
முன்கூட்டி ஒரு மஞ்சள் கோடுகூட இல்லை.
மூன்று தடவை வாசித்தேன்.
தனித்தனியாக எல்லாம் நல்ல வரிகள்.
காபியில் ஆடை படிந்தது.

கீழே ஏதோ உடைந்தது.

பின்கட்டுக் கிடங்கு தூக்குகளுக்கானது.
கதவில் சாக்பீஸில் எழுதியிருக்கும்: தூக்கு.
தேவகோட்டை சாத்தப்பன் ஒரு வாரத்துக்கு
பாத்திரம் வைக்க இடம் கேட்டிருக்கிறார்.
தூக்கும் பாத்திரம்தானே,
அப்படியென்றால் தூக்குக் கிடங்கும்
பாத்திரக் கிடங்குதானே.
சாவி கைமாறியது.
சாத்தப்பன் ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.
ஜாடியும் பாத்திரம்தான்.
நாலு மணிக்குக் கரண்ட் போனது. மாயழகு உள்ளே போனான்.
இருட்டு அவனுக்குப் பழக்கம்:
இடுப்பளவில் கையை நீட்டினால்
கம்பி வளையம் விரலில் வந்து விழும்.
நீட்டினான். விரல்களை மூடினான்.
மூடிய விரல்களுக்குள்
ஒன்றும் இல்லை.
புறங்கை பட்டு ஜாடி சாய்ந்தது.

"தூக்கு பாத்திரமில்லையா? நான் என்ன பொய்யா சொன்னேன்?"
இது ஜபருல்லா.
"பாத்திரம் வைக்கிற எடத்துலதான வச்சேன்?"
இது சாத்தப்பன்.
"தூக்குன்னு எழுதுன ரூம்ல தூக்குதானய்யா இருக்கணும்?"
காலெல்லாம் மிளகாய் எண்ணெயோடு மாயழகு.
மூன்று உண்மை, ஒரு உடைசல்.
படிக்கட்டில் பாதியில் நின்றபடி
என் பத்தாவது வரியை நான் பார்த்துவிட்டேன்.

தூக்கு ஒரு பாத்திரம்.
தூக்குகளின் கிடங்கு பாத்திரங்களின் கிடங்கு அல்ல.
இந்த ஒன்றை என் கம்பைலருக்கு
நான் சொல்லவே இல்லை.

எடுக்க மட்டும் வருகிறவனுக்கு அதைப்
பாத்திரக் கிடங்கு என்று காட்டலாம்;
கைக்கு எது வந்தாலும் பாத்திரமாகத்தான் இருக்கும்.
வைக்க வருகிறவனுக்குக் காட்டக் கூடாது.
தூக்கு வைக்க மட்டும் வருகிறானா,
எல்லாப் பாத்திரமும் கிடக்கிற பெரிய கிடங்கையே
தூக்குக் கிடங்கென்று திறந்துவிடலாம், தலைகீழ்க் கணக்கு.
எடுக்கவும் வேண்டும், வைக்கவும் வேண்டும் என்றால்
கதவில் உள்ளதும் கையில் உள்ளதும்
எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

இரவு முழுக்க எழுதிச் சோதனைகளை ஓட்டினேன்.
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு இடத்தில் சிவப்பு.
எல்லாம் நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த நிரல்கள்.
முக்கால்வாசி யாரையும் ஒருநாளும் விழவைத்திருக்காது.
இருட்டில் கை நீண்டபோதெல்லாம்
அங்கே தூக்கே இருந்திருக்கிறது, அதிர்ஷ்டம்.
பட்டியலில் மூன்றாவது, என் சொந்தக் கோப்பு.
முதல் வருடத்தில் எழுதியது. தலையில் ஒரு குறிப்பு:
இது பத்திரமானது, எனக்குத் தெரியும்.

பிழை என்று நிறுத்துவதா, எச்சரிக்கை என்று விடுவதா?
சிவப்பு போட்டால் காலையில் நாலாயிரம் பேர் திட்டுவார்கள்.
மஞ்சள் போட்டால் ஒருவரும் படிக்கமாட்டார்கள்,
நானும்தான்.
சிவப்பு போட்டேன். போட்டுவிட்டு
அனுப்பாமல் கீழே இறங்கினேன்.

கதவில் அதே சாக்பீஸ். தூக்கு.
ஜாடியில் மூடி மட்டும் உடையவில்லையாம்.
அதைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்து
கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கு
சாம்பிராணித் தட்டு என்று
அறுநூறு சொல்லிக்கொண்டிருந்தார் ஜபருல்லா.
வந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து,
பிறகு மோந்து பார்த்தார்.

நான் மாடிக்கு ஓடிப்போய்
பொத்தானை அழுத்தினேன்.